கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காசைப் போடுங்கள்

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சின்னச் சமையலறையைக் கட்டுப்படியாகும் செலவில் திருத்தி அமைப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கட்டட வேலையில் இருப்பவள். பழைய ஃபிளாட்டுகளை இடித்தும் ஒட்டவைத்தும் பிழைக்கிறவள். அழகைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். அதற்குக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், நம்மைவிட நன்றாகவே பேசுவார்கள். அவர்கள் பேசாத விஷயங்களுக்கு இந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொள்கிறேன்.

முதலில் 'சின்னது' என்றால் எவ்வளவு? தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடுவதற்குத் தனி இடம் இருக்கும் வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் கணக்கில் கிட்டத்தட்ட 54 சதுர அடி, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவான அகலம். நாம் குடியிருக்கும் பழைய ஃபிளாட்டுகளில் எட்டுக்கு ஏழு, அதாவது 56 சதுர அடி, சகஜமாகப் பார்க்கிற அளவு. விதிப்படி அது சமையலறைதான். அதில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், ஆர்.ஓ., மைக்ரோவேவ், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, தீபாவளிக்கு மட்டும் இறங்கும் பெரிய வாணலி எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அது சின்னதாகிறது. இன்றைக்கு நான் சொல்லும் கணக்கெல்லாம் இந்த எட்டுக்கு ஏழுக்குத்தான்.

சின்ன இடத்தில் நன்றாகச் சமைக்க முடியுமா என்ற கேள்வியை உலகம் நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் கடுமையான வீட்டுப் பஞ்சம். ஃபிராங்ஃபர்ட் நகரத்தில் எர்ன்ஸ்ட் மாய் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்கான சமையலறையை 1926ஆம் ஆண்டு வரைந்தவர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.44 மீட்டர்; சுமார் எழுபது சதுர அடி. ரயில் சாப்பாட்டுப் பெட்டிகளின் சமையல்கட்டை முன்மாதிரியாகக் கொண்டார். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்தது, நாம் இன்றைக்கு மாடுலர் கிச்சன் என்று காசு கொடுத்து வாங்குகிற பொருளின் பாட்டி. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதுவரை தான் சமைத்ததும் கிடையாது, குடும்பம் நடத்தியதும் கிடையாது என்று அந்த அம்மையாரே பின்னாளில் சொன்னார். 102 வயதுவரை வாழ்ந்தார்.

அவர் ஏன் ஜெயித்தார்? தெரியாததை அளந்து தெரிந்துகொண்டார். எங்கே இடறினார்? அந்தச் சமையலறையில் இன்னொருவர் நிற்க இடம் இல்லை. சமைத்துக்கொண்டே குழந்தையைப் பார்க்கவும் முடியாது. அரிசிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் வைத்தார். குடிவந்தவர்களின் பழக்கமோ வேறாக இருந்தது. நம்மூர் ஷோரூமுக்குப் போய் நின்றால் இதே இடறலை இன்றும் பார்க்கலாம். 'கப் அண்ட் சாசர் பாஸ்கெட்' என்று ஒன்று காட்டுவார்கள். நம் வீட்டில் காபி டவரா டம்ளரில். 'கட்லரி ட்ரே' என்று ஒன்று, முள்கரண்டிக்கும் கத்திக்கும் தனித்தனிப் பள்ளம் வைத்து. நம் கரண்டிகள், ஜல்லிக்கரண்டி, மத்து, தோசைத்திருப்பி, அப்பளக் குறடு எதுவும் அதில் படுக்காது. இட்லிப் பானைக்கு என்று ஒரு பாஸ்கெட் செய்த கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு கிரைண்டர் இல்லாத வீடே அபூர்வம். ஆனால் படம் வரைந்து கொண்டுவரும் டிசைனரின் தாளில் கிரைண்டருக்கு இடம் இருக்காது. வாரத்தில் இரண்டு நாள் ஓடும், தூக்க முடியாத கனம், கழுவும்போது நாலு பக்கமும் மாவுத் தண்ணீர் தெறிக்கும். அதற்கு இடம் சிங்க்குக்குப் பக்கத்தில், மேடைமேல், தலைக்குமேல் அலமாரி இல்லாத ஒன்றரை அடி. அல்லது சர்வீஸ் பால்கனியில் கழுத்தளவு சுவரோரம் ஒரு கல் மேடை. இதைத் தீர்மானிக்காமல் மற்ற எதையும் தீர்மானிக்காதீர்கள். நம்மூர்ச் சமையலறையில் முதலில் இடம் கேட்கும் பொருள் கிரைண்டர்தான்.

அடுத்தது மேடையின் உயரம். இது காசு கேட்காத விஷயம், ஆனால் பாக்கி எல்லாவற்றையும்விட அதிகமாக உடம்பைப் பாதிக்கிற விஷயம். சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடித்தால், முழங்கையிலிருந்து நாலு அங்குலம் கீழே காய் நறுக்கும் மேடை இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று அங்குலம் வரும். கொத்தனாரிடம் விட்டால் அவர் கைக்கு வந்த உயரத்தில், பெரும்பாலும் அவருடைய உயரத்துக்கு, கட்டிவிடுவார். இதோடு முடியவில்லை. மேடைமேல் அடுப்பு வைக்கிறோம்; அதன் கால், தாங்கி எல்லாம் சேர்ந்து நாலைந்து அங்குலம். அதன்மேல் குக்கரோ பானையோ. இப்போது பொங்கலைக் கிளறும் கை தோள் உயரத்தில் இருக்கிறது. முப்பது வருஷம் இப்படிக் கிளறிவிட்டுத் தோள்பட்டை வலி என்று எலும்பு மருத்துவரிடம் போகிறார்கள்.

இதற்கு வழி எளிது. அடுப்பு வைக்கும் மூன்றடி நீளத்தை மட்டும் நாலு அங்குலம் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். கல் மேடையில் இது ஒரு கூடுதல் மடிப்பு, அவ்வளவுதான். பதித்து வைக்கும் ஹாப் வாங்கினாலும் இதே பயன் கிடைக்கும், ஆனால் கல்லை வெட்ட வேண்டும், பழுதானால் அதே அளவில் மாற்று தேட வேண்டும். சின்ன பட்ஜெட்டுக்குத் தாழ்ந்த மேடையும் சாதாரண அடுப்புமே போதும் என்பது என் கட்சி. சிங்க் இதற்கு நேர்மாறு. பாத்திரம் தேய்க்கும் கை தொட்டியின் அடியில் இருக்கிறது, மேடையில் இல்லை. ஆகவே சிங்க் இருக்கும் பகுதி ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தால் முதுகு வளையாது. ஒரே மட்டத்தில் வழவழவென்று ஓடும் மேடை படத்தில் அழகு.

சரி, பணத்துக்கு வருவோம். என் வாதம் ஒன்றுதான்: சுவருக்குள் போவதற்கு முதல் பணம், சுவர்மேல் ஒட்டுவதற்கு மிச்சப் பணம். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. அலமாரிகளுக்குப் பளபளவென்று கதவு போட்டுவிட்டு, இரண்டாம் வருஷம் உள்ளே குழாய் ஒழுகி, அதே கதவைக் கழற்றிச் சுவரை உடைக்கிறார்கள்.

தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். இருபத்தைந்து, முப்பது வருஷத்து வீட்டில் ஜி.ஐ. குழாய் இருக்கும். வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே துருவேறி வழி குறுகியிருக்கும். குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்றால் டேப்பை மாற்றிப் பயனில்லை. சமையலறையைக் கையில் எடுக்கும்போதே சி.பி.வி.சி.க்கு மாற்றிவிடுங்கள். சென்னையில் மெட்ரோ தண்ணீருக்கு ஒரு குழாய், போர் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று இருக்கும் வீடுகளில் இரண்டையும் சிங்க்குக்கே கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வையுங்கள். ஒரு டேப் வாஷருக்காக மொட்டைமாடிக்குப் போய் மொத்தக் கட்டடத்தின் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது. குழாய் பதித்ததும் பூசிவிடாதீர்கள். அழுத்தச் சோதனை செய்து, ஓரிரவு விட்டு, கசிவில்லை என்று பார்த்த பிறகு பூச வேண்டும். பூசுவதற்கு முன் எல்லாச் சுவரையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்தபடி. நாளைக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும்.

கழிவுநீர்க் குழாயை இடம் மாற்றாதீர்கள். சிங்க் கிழக்குச் சுவரில் இருக்கிறதே, ஜன்னல் பக்கம் வந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். மாற்றலாம். ஆனால் குழாய்க்குச் சாய்வு வேண்டும். நீளம் கூடக் கூடச் சாய்வுக்காகத் தரையை உடைக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் தலையில் ஒழுகினால் நல்ல அண்டை உறவு ஒன்று முடிந்தது. நம் சிங்க்கில் போவது வெறும் தண்ணீரா? அரிசி கழுவிய நீர், புளிச்சக்கை, கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ. தட்டையாகக் கிடக்கும் குழாயில் இவை தங்கும். சிங்க் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அடுப்பு அதைத் தேடி வரட்டும். பட்ஜெட்டில் பெரிய ஓட்டையை அடைக்கிற ஒரே முடிவு இதுதான்.

சிங்க் எப்படி இருக்க வேண்டும்? சின்ன இடத்தில் இரட்டைத் தொட்டி வேண்டாம்; இரண்டிலும் இட்லிப் பானை நுழையாது. இருபத்து நாலுக்குப் பதினெட்டு, ஒன்பது அங்குல ஆழம், ஒற்றைத் தொட்டி, 304 ரக எவர்சில்வர். 304 என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த ரகங்கள் போர் தண்ணீரில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

கரண்ட் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். 230 வோல்ட்டில் அது இழுப்பது 8.7 ஆம்பியர். வெந்நீர்க் கெட்டில் 1,500 வாட், 6.5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் பதினைந்தைத் தாண்டுகிறது. பழைய சமையலறையில் ஒரே ஒரு பவர் பாயின்ட் இருக்கும், 16 ஆம்பியர். அதில் மல்ட்டிபிளக்கைச் சொருகி இரண்டையும் ஓட்டி, நடுவில் மைக்ரோவேவையும் போட்டால் பிளக் உருகத்தான் செய்யும். எனவே சமையலறைக்கு மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுங்கள். மேடைக்கு மேலே குறைந்தது மூன்று 16 ஆம்பியர் பாயின்ட், மிக்ஸி, ஆர்.ஓ.வுக்கு வேறு பாயின்ட். பவர் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, எலக்ட்ரீசியன் 1.5 போதும் என்றால் போதாது. மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடென்றால் இந்தச் சாக்கில் அதையும் போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு நாம் சுவிட்ச் தொடும் அறை இது. சிங்க்குக்கு நேர்மேலே மட்டும் எந்தப் பாயின்ட்டும் வேண்டாம்.

விளக்கு பற்றி ஒரே வரி: சீலிங் நடுவில் இருக்கும் குழல்விளக்கு நமக்குப் பின்னால் எரிகிறது, நம் நிழலிலேயே நாம் நறுக்குகிறோம். மேல் அலமாரியின் அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை போடுங்கள்.

காற்று விஷயத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எட்டுக்கு ஏழு அறை, உயரம் ஒன்பதரை அடி என்றால் உள்ளே இருக்கும் காற்று 532 கன அடி, சுமார் பதினைந்து கன மீட்டர். கடையில் காட்டும் சிம்னியின் மேல் மணிக்கு 1,200 கன மீட்டர் இழுக்கும் என்று ஒட்டியிருக்கும். அப்படியானால் மணிக்கு எண்பது தடவை உங்கள் அறைக் காற்று மாற வேண்டும். வெளியே போகிற அளவுக்கு உள்ளே வர வேண்டாமா? ஏசி ஓடுகிறது என்று கதவைச் சாத்தி, கொசு என்று ஜன்னலைச் சாத்தினால், சிம்னி சத்தம் போடுமே தவிரப் புகை போகாது. குழாயில் ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். பால்கனியைச் சுற்றிக்கொண்டு மூன்று வளைவு போட்டு வெளியே விட்ட சிம்னியால் அலங்காரம்தான் மிச்சம். குழாயே இல்லாமல் வடிகட்டி அதே காற்றைத் திருப்பி விடும் ரகம் நம் தாளிப்புக்கு ஆகாது. அடுப்பு வெளிச்சுவரில் இருந்து, நேராக ஓட்டை போட முடியும் என்றால் சிம்னி வாங்குங்கள். இல்லையென்றால் அடுப்புக்கு மேல் உயரத்தில் நல்ல எக்ஸாஸ்ட் மின்விசிறி, எதிர்ப்பக்கம் கதவின் கீழே காற்று வர இடைவெளி. மிச்சமாகும் பணத்தில் 304 சிங்க்கையும் தனி மின் லைனையும் முடித்துவிடலாம்.

கேஸைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. 14.2 கிலோ எரிவாயு, உருளையோடு சேர்த்தால் ஏறக்குறைய முப்பது கிலோ. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும், மேலே ஓடும் மின்விசிறி அதை இழுக்காது. சிலிண்டரை மூடிய கதவுக்குப் பின்னால் வைப்பதென்றால் அந்தக் கதவின் அடிப்பாகத்தில் காற்றுத் துளைகள் வேண்டும். முழுக்க அடைத்த பெட்டிக்குள் வைக்கவே கூடாது. ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத சந்துகளில் அதைச் சுற்றிவிடாதீர்கள். முன்பு சொன்ன தாழ்ந்த மேடைக்குக் கீழே சிலிண்டரைச் செருகினால் ரெகுலேட்டரைத் திருப்பக் கை நுழையாது. பக்கத்துப் பகுதியின் கீழே வையுங்கள்.

இப்போது கல். நம் பழைய சமையலறைகளில் கடப்பாக் கல் மேடை, அதன் கீழே கடப்பாவிலேயே தடுப்பும் தட்டும். இதை முதலில் உடைக்கச் சொல்வார்கள். உடைக்காதீர்கள் என்று இந்த மேடையில் நின்று கெஞ்சுகிறேன். கடப்பா சுண்ணாம்புக் கல் இனம். எலுமிச்சையும் புளியும் பட்டால் வெளுத்துப்போகும், உண்மைதான். அதனால் மேல்கல்லை மட்டும் கிரானைட்டாக மாற்றுங்கள். கீழே இருக்கும் தட்டுகளுக்குக் கரையான் வராது, தண்ணீரில் உப்பாது, இருபத்தைந்து கிலோ அரிசிக்கு வளையாது. அந்தத் தட்டுகளுக்கு முன்னால் ஃபிரேம் அடித்துக் கதவு போட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாடுலர்தான். பெட்டி செய்ய ஆகும் பிளைவுட் முழுவதும் மிச்சம். ஆழத்தில் பொருள் தொலைகிறது என்ற குறை உண்டு. அதற்கு இரண்டு தட்டுகளில் மட்டும் இழுக்கும் ட்ரே வையுங்கள், எல்லாவற்றிலும் வேண்டாம்.

நாம் தரையைக் கழுவுகிறவர்கள். வெள்ளிக்கிழமை, நாள்கிழமை என்றால் வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்ப்போம். பிளாஸ்டிக் கால்களில் நிற்கும் மாடுலர் பெட்டிக்கு அடியில் அந்தத் தண்ணீர் போய் நிற்கும், கரப்பான் குடியேறும். கீழே நாலு அங்குலக் கல் மேடு, அதன்மேல் தட்டு என்ற பழைய முறையை நம் பெரியவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை.

கதவுக்கு என்ன போடலாம்? பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; ஆசாரிமார் 'செவன் டென்' என்பார்கள். சிங்க்குக்கு அடியிலும் அதன் இரு பக்கமும் அது வேண்டும். மேலே, லாஃப்ட்டில், அவ்வளவு வேண்டியதில்லை. மரத்தூள் பலகை ஷோரூமில் வழுவழுப்பாக இருக்கும். ஓரத்தின் பட்டை பிரிந்து ஒரு தடவை தண்ணீர் ஏறினால் மீளாது. பி.வி.சி. கதவைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் ஏளனம் இல்லை. அடுப்பின் சூட்டுக்குத் தள்ளி, ஈரம் படும் இடங்களில் அது நன்றாகவே உழைக்கிறது. அலுமினியச் சட்டக் கதவும் அப்படியே. கீலில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடும் பொருள் அது.

சுவர் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற சத்தம் வராமல் கெட்டியாக இருந்தால் அதன்மேலேயே பசை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டலாம். உடைக்கும் கூலி, இடிபாட்டைக் கீழே இறக்கும் கூலி, வண்டி வாடகை மூன்றும் மிச்சம். இந்த மூன்றையும் எந்தக் கொட்டேஷனிலும் முதலில் காட்டமாட்டார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு 'ஓப்பன் கிச்சன்' ஆக்கும் ஆசை வந்தால், அது ஒன்பது அங்குலச் சுவரா என்று பாருங்கள். பழைய குடியிருப்புகளில் தூண் இல்லாமல் சுவரே கட்டடத்தைத் தாங்கும் வகை உண்டு. பொறியாளர் பார்க்காமல் அதில் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. மேல்வீட்டில் இருப்பவர்களும் மனிதர்கள்தான்.

வாஸ்து கேட்பீர்கள் என்று தெரியும். எனக்கு அதில் கருத்து இல்லை, அட்டவணை மட்டும் உண்டு. அக்னி மூலை, கிழக்குப் பார்த்த அடுப்பு என்று நம்புகிறவர்கள் வாஸ்து பார்க்கும் பெரியவரை முதல் நாளே அழைத்து வாருங்கள். கிரானைட் ஒட்டிய மறுநாள் அவர் வரும் வீடுகளில்தான் பட்ஜெட் இரண்டாகிறது.

கொட்டேஷன் வாங்கும் கலைக்கு வருகிறேன். மாடுலர்காரர்கள் சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள். எதன் சதுர அடி என்று கேளுங்கள். நம் அறையில் எட்டடிச் சுவரிலும் ஏழடிச் சுவரிலும் 'எல்' வடிவத்தில் மேடை வருகிறது. மேடை ஆழம் இரண்டடி. மூலை இரண்டு சுவருக்கும் பொது. சரியாக அளந்தால் எட்டும் ஐந்தும் பதின்மூன்று அடி. சிலர் எட்டும் ஏழும் பதினைந்து என்று எழுதுவார்கள். கீழ் அலமாரி உயரம் இரண்டரை அடி என்றால் ஐந்து சதுர அடி கூடுதல். சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,500 ரூபாய், இல்லாத ஒரு மூலைக்கு. ஒருவர் விலை குறைவு என்றும் இன்னொருவர் விலை அதிகம் என்றும் சொல்வதற்கு முன், இருவரும் ஒரே அளவைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கைப்பிடி சேர்த்தா, ட்ரே சேர்த்தா, ஜி.எஸ்.டி. சேர்த்தா, சிங்க்குக்குக் கல்லில் வெட்டும் கூலி யாருடையது, விளிம்பு மெருகேற்ற அடிக்கு எவ்வளவு, எல்லாம் தாளில் வரட்டும். 'அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்' என்ற வாக்கியத்துக்கு விலை உண்டு.

கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும். நான் சொல்வது பங்கீடு மட்டும். குழாய், மின்சாரம், காற்று மூன்றுக்கும் சேர்த்து 45,000. கொத்து வேலை, டைல்ஸ், பூச்சு 30,000. கிரானைட்டும் சிங்க்கும் 30,000. கதவு, ட்ரே, கீல் 30,000. மிச்சம் 15,000 யாரிடமும் சொல்லாமல் தனியே. சுவரை உடைத்த பிறகு உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியாது, உங்கள் மேஸ்திரிக்கும் தெரியாது. அந்தப் பணம் அதற்கு. கதவுக்கு 30,000 போதாதே என்றால், மேல் அலமாரிகளை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். கதவில்லாத அலமாரியோடு ஒரு வருஷம் வாழலாம். ஒழுகும் குழாயோடு வாழ முடியாது. பணம் இன்னும் குறைவென்றால் டைல்ஸையும் விடுங்கள். குழாய், கம்பி, விளக்கு, மேடை உயரம் மட்டும் செய்தால்கூட அது முழுமையான சீரமைப்புதான் என்பேன்.

வேலையின் வரிசை தவறக் கூடாது. உடைப்பது, குழாய், கம்பி, சோதனை, பூச்சு, டைல்ஸ், மேல்கல், அதன் பிறகே கதவுக்கு அளவு. கல் வருவதற்கு முன்பே கதவுக்கு அளவெடுத்துப் போகும் அவசரக்காரருக்கு இடம் கொடுத்தால், கடைசியில் அரை அங்குலச் சந்துக்குச் சிலிக்கான் பூசிக்கொண்டிருப்பார்கள். தீபாவளிக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். ஆசாரிமார் எல்லோர் வீட்டிலும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். வேலை நடக்கும் நாட்களில் பால்கனியில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் குடும்பம் தப்பிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டத்தில் ஆண்கள் நிறையப் பேர் குறிப்பெடுத்ததைப் பார்த்தேன், சந்தோஷம். ஆனால் வீட்டில் சமைப்பவர் யாரோ, அவர் ஆணோ பெண்ணோ, கொட்டேஷனில் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். நாளைக்கே யாரையும் கூப்பிட வேண்டாம். ஒரு வாரம் அவரைச் சமைக்க விட்டு, எங்கே குனிகிறார், எதற்கு எக்குகிறார், எந்தப் பொருளுக்காக இரண்டு பொருளை நகர்த்துகிறார் என்று எழுதுங்கள். அவரை நேராக நிற்கவைத்து முழங்கை உயரத்தை அளந்து அதே தாளின் மேலே குறியுங்கள். மேஸ்திரி வரும்போது முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள். படத்தை அவர் அப்புறம் காட்டட்டும்.